வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே மானிட்டர்: பெட்டியில் போட்ட எண்களை எப்படிப் படிப்பது?

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. "டிவி, மானிட்டருக்கு வரி 28-லிருந்து 18 சதவீதம்" என்று செய்தி வந்தது. அதை நம்பிக் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கடை ஏறி 24 இன்ச் மானிட்டர் விலை கேட்டவருக்குப் பழைய விலையே பதிலாக வந்திருக்கும். கடைக்காரர் வரிக் குறைப்பை அமுக்கிவிட்டாரோ என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இதில் அவர்மேல் தப்பில்லை.

32 இன்ச் வரையிலான மானிட்டருக்கும் டிவிக்கும் 2019 ஜனவரி 1 முதலே 18 சதவீத வரிதான். 28 சதவீதத்தில் இருந்தவை அதைவிடப் பெரிய திரைகள். செப்டம்பரில் இறங்கியது அவற்றின் வரி மட்டுமே. அங்கேயும் விலை பத்து சதவீதம் குறையாது. வரிக்கு முன் 30,000 ரூபாய் விலையுள்ள 34 இன்ச் அகலத் திரையை எடுத்துக்கொள்வோம். முன்பு 38,400 ரூபாய், இப்போது 35,400. குறைந்தது 3,000. பழைய விலையில் அது எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. 24, 27 இன்ச் வாங்குபவருக்கு இந்தச் செய்தியால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

வரியை விடப் பெரிய குழப்பம் பெட்டியின் மேல் இருக்கிறது. "180 ஹெர்ட்ஸ், 1 எம்எஸ், எச்டிஆர், 2கே" என்று நாலு பக்கமும் எண்கள். டெல்டா ஊர்களில் இன்று மானிட்டர் வாங்குபவர்களில் பலருக்கு ஒரே திரை இரண்டு வேலை செய்யவேண்டும். பகலில் எக்செல், கோடிங், தமிழ் டைப்பிங், வீடியோ மீட்டிங். இரவில் வாலரண்ட், ஜிடிஏ போன்ற விளையாட்டு. எண்களைப் பெரிதாக அச்சடிப்பவர்கள் இரவு வேலையை மட்டும் நினைத்து அச்சடிக்கிறார்கள். வாங்குபவர் முதலில் நினைக்கவேண்டியது பகல் வேலையை. ஏனென்றால் அந்தத் திரையில் எழுத்தைப் பார்க்கும் நேரம்தான் அதிகம்.

1. முதலில் மேசையை அளக்கவும்

திரையின் அளவு என்பது மூலைக்கு மூலை அளந்த நீளம். மேசையில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை அது சொல்லாது. 24 இன்ச் என்று விற்கப்படுவதில் பல உண்மையில் 23.8 இன்ச். அதன் அகலம் சுமார் 53 செ.மீ. 27 இன்ச் என்றால் சுமார் 60 செ.மீ. 32 இன்ச் என்றால் 71 செ.மீ. வரை போகும்.

உட்கார்ந்து கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடவேண்டும். கணக்கில் சொன்னால் 50 முதல் 70 செ.மீ. தூரம். இரண்டடி ஆழமுள்ள கம்ப்யூட்டர் டேபிளைச் சுவரோரமாகப் போட்டு, அதில் 20 செ.மீ. இடத்தை ஸ்டாண்டு பிடித்துக்கொண்டால், கண்ணுக்கும் திரைக்கும் 50 செ.மீ. கிடைப்பதே கஷ்டம். அந்த இடத்தில் 32 இன்ச் வைத்தால் விளையாட்டில் மூலையில் இருக்கும் வரைபடத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவேண்டியிருக்கும். பெரிய திரைதான் வேண்டும் என்றால் மேசையை முன்னால் இழுக்கவும். இல்லையென்றால் சுவரிலோ மேசை விளிம்பிலோ பிடிக்கும் ஆர்ம் வாங்கவும். ஆர்ம் மாட்ட மானிட்டரின் பின்புறம் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கவேண்டும். மலிவு மாடல்கள் சிலவற்றில் அவை 75 மி.மீ., சிலவற்றில் துளையே கிடையாது.

வெளிச்சமும் இங்கேயே சேரும். முற்றம் வைத்த பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் மேசை போட்டிருந்தால், முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் பகல் வெளிச்சம் திரையில் அப்படியே தெரியும். எந்த மானிட்டரும் அதை முழுதாகச் சமாளிக்காது. ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புவது, பணம் செலவில்லாத தீர்வு. அதற்கு வழியில்லை என்றால் ஒளி அளவு 250 நிட்ஸுக்குப் பதில் 300-க்கு மேல் உள்ளதைத் தேடலாம்.

2. பிக்சல் கணக்கு: தமிழ் எழுத்துக்கு எவ்வளவு தேவை?

திரையில் தெரியும் எதுவும் புள்ளிகளின் கூட்டம்தான். அந்தப் புள்ளிதான் பிக்சல். முழு எச்டி திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். கடைகளில் "2கே" என்று சொல்லப்படும் 2560 × 1440 திரையில் (இனி சுருக்கமாக 1440) சுமார் 36.9 லட்சம். 4கே என்னும் 3840 × 2160 திரையில் சுமார் 82.9 லட்சம்.

ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தெளிவைச் சொல்ல முடியாது. ஒரு இன்ச் நீளத்தில் எத்தனை பிக்சல் நெருங்கி இருக்கின்றன என்பதே கேள்வி. ஒரே நெல்லைச் சின்னத் தட்டில் பரப்பினால் தட்டு மூடும். பெரிய தட்டில் பரப்பினால் இடையிடையே தட்டு தெரியும். அதேபோல் 20.7 லட்சம் பிக்சலை 24 இன்ச்சில் வைத்தால் இன்ச்சுக்கு 92. அதையே 27 இன்ச்சில் வைத்தால் 82-க்குக் குறைந்துவிடும்.

இதை மதிப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே பேசுகின்றன. தமிழுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. இரண்டு சுழி "ன"வையும் மூன்று சுழி "ண"வையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. "ன"வையும் "ன்"னையும் பிரிப்பது தலைமேல் ஒரு புள்ளி. "ணை", "ஞூ", "ஸ்ரீ" போன்றவற்றில் கோடுகளுக்கு இடையே உள்ள வெள்ளை இடம் ஒரு பிக்சலுக்கும் குறைவாகச் சுருங்கினால், எழுத்து கறுப்புக் கட்டியாகத் தெரியும். மூளை ஊகித்துப் படித்துவிடும்தான். நாள் முழுக்க ஊகித்தால் மாலையில் கண் எரியும்.

4 மி.மீ. உயரமுள்ள ஓர் எழுத்துக்கு ஒவ்வொரு திரையும் எத்தனை பிக்சல் வரிசை தருகிறது என்று பார்ப்போம்.

- 27 இன்ச், முழு எச்டி: சுமார் 13 வரிசை
- 24 இன்ச், முழு எச்டி: 14 முதல் 15
- 32 இன்ச், 1440: 14 முதல் 15
- 27 இன்ச், 1440: சுமார் 17
- 32 இன்ச், 4கே: சுமார் 22
- 27 இன்ச், 4கே: சுமார் 26

இதில் கவனிக்கவேண்டியவை இரண்டு. 27 இன்ச் முழு எச்டிதான் பட்டியலில் அடியில் இருக்கிறது. "கூட ஆயிரம் போட்டால் பெரிய திரை" என்று கடையில் அதிகம் தள்ளிவிடப்படுவதும் அதுவே. விளையாட மட்டும் என்றால் பரவாயில்லை, தமிழில் டைப் அடிப்பவருக்கு அது நல்ல பேரம் இல்லை. அடுத்து, 32 இன்ச் 1440 திரையின் நெருக்கமும் 24 இன்ச் முழு எச்டியின் நெருக்கமும் கிட்டத்தட்ட ஒன்று. பெரிதாகத் தெரியும், ஆனால் கூடுதல் கூர்மை கிடையாது.

4கே-யில் எழுத்து அச்சுப் புத்தகம்போல் இருக்கும். ஆனால் எல்லாம் மிகச் சின்னதாகத் தெரியும் என்பதால் விண்டோஸில் 150 சதவீதம் பெரிதாக்கி வைக்கவேண்டும். புதிய மென்பொருள்கள் இதற்கு ஒத்துழைக்கும். பழைய கணக்கு மென்பொருளும் பழைய தமிழ் டைப்பிங் மென்பொருளும் சில சமயம் மங்கலாகவோ பொடிப்பொடியாகவோ தெரியும். வேலை அவற்றில்தான் என்றால் 4கே-க்குக் கொடுக்கும் காசு வீண்.

கடையில் ஓடும் டெமோ வீடியோவில் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தை 100 சதவீத அளவில் திறக்கச் சொல்லுங்கள். வழக்கமாக உட்காரும் தூரத்தில் நின்று "கண்ணன் மன்னன்" என்று படித்துப் பார்த்தால் போதும், சுழியும் புள்ளியும் பிரிந்து தெரிகிறதா என்று புரிந்துவிடும்.

"வீட்டில் 32 இன்ச் டிவி சும்மா கிடக்கிறதே" என்ற யோசனை பலருக்கு வரும். அதில் "எச்டி ரெடி" என்று எழுதியிருந்தால் 1366 × 768 பிக்சல்தான். இன்ச்சுக்கு 49. மேலே சொன்ன எழுத்துக்கு எட்டு வரிசைகூடத் தேறாது. படம் பார்க்கலாம், பத்தி படிக்க முடியாது.

3. பிக்சல் கூடினால் விளையாட்டு திணறும்

எழுத்துக்கு நல்லது விளையாட்டுக்குச் சுமை. விளையாட்டில் ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறது. முழு எச்டியில் நொடிக்கு 60 படம் என்றால் நொடிக்குச் சுமார் 12.4 கோடி பிக்சல். 1440-இல் நொடிக்கு 144 படம் என்றால் 53 கோடி. 4கே-யில் அதே 144 என்றால் 119 கோடி. முதலாவதைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல்.

அதனால் திரையைத் தேர்ந்தெடுக்கும் முன் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கல்லூரி லேப்டாப், 4கே திரையில் எக்செல்லைக் காட்டிவிடும். ஆனால் புதிய விளையாட்டு ஒன்றை அதில் ஓட்டினால் ஸ்லைடு ஷோதான்.

தெளிவைக் குறைத்து ஓட்டலாமே என்றால், அதிலும் ஒரு நெளிவு இருக்கிறது. 1440 திரையில் 1080 (முழு எச்டி) படத்தை ஓட்டினால், ஒரு பிக்சலின் வேலையைக் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் என்று முழு எண்ணாக இல்லாமல் பங்கிடவேண்டியிருக்கும். படம் கொஞ்சம் மசமசப்பாகும். 4கே-யில் 1080 ஓட்டினால் ஒன்றுக்கு நாலு என்று நேராகப் பிரியும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உத்திகள் சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கித் தருகின்றன. அவை உள்ள விளையாட்டுகளில் 1440 திரைக்கு நடுத்தரக் கார்டே தாங்கும்.

4. ஹெர்ட்ஸ்: எதுவரை கொடுக்கும் காசுக்குப் பலன்?

திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதே ரிஃப்ரெஷ் ரேட். அலகு ஹெர்ட்ஸ். இதை நேரமாக மாற்றிப் பார்த்தால் விளம்பரத்தின் பளபளப்பு இறங்கிவிடும்.

- 60 ஹெர்ட்ஸ்: ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிநொடி
- 100 ஹெர்ட்ஸ்: 10
- 144 ஹெர்ட்ஸ்: 6.9
- 180 ஹெர்ட்ஸ்: 5.6
- 240 ஹெர்ட்ஸ்: 4.2

60-லிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிநொடி மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் மூன்றுகூட இல்லை. முதல் தாவலை யாரும் கண்ணால் உணரலாம், மவுஸ் அம்பை நகர்த்தினாலே தெரியும். இரண்டாவது தாவல், வாலரண்ட், கவுன்டர்-ஸ்டிரைக் போன்ற சுடும் விளையாட்டைப் போட்டியாக ஆடுபவர்களுக்கு. கதை உள்ள விளையாட்டை நிதானமாக ஆடுபவருக்கு 100 முதல் 144 தாராளம். அலுவலக வேலைக்கும் 100 ஹெர்ட்ஸ் நல்லது. நீளமான பக்கத்தை உருட்டும்போது எழுத்து இழுபடாமல் நிற்கும். 24 இன்ச், 100 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் பல பிராண்டுகளில் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதால், அந்த அளவில் புதிதாக 60 ஹெர்ட்ஸ் வாங்கக் காரணமே இல்லை.

கார்டு அனுப்பும் படமும் திரை மாற்றும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால், மேல்பாதி ஒரு படமும் கீழ்பாதி அடுத்த படமுமாகக் கிழிந்தாற்போல் தெரியும். இதைத் தீர்க்க, கார்டு அனுப்பும்போதுதான் திரை மாறவேண்டும் என்று ஏற்பாடு வந்தது. 2013-இல் கிராபிக்ஸ் கார்டு கம்பெனியான என்விடியா தன் ஜி-சிங்க்கை அறிவித்தது. அதற்கு அப்போது மானிட்டருக்குள் தனிச் சிப்பு வேண்டியிருந்தது, அதனால் விலையும் ஏறியது. 2014-இல் திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா (VESA) அமைப்பு அடாப்டிவ்-சிங்க் என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. அதன்மேல் கட்டிய, போட்டிக் கம்பெனி ஏஎம்டி-யின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015-இல் வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் பொதுத் தரத்துக்கு இறங்கி வந்தது. ஆகவே "உங்களிடம் என்விடியா கார்டு, ஃப்ரீசிங்க் மானிட்டர் வேலை செய்யாது" என்று இன்றும் யாராவது சொன்னால் அது பழைய பஞ்சாங்கம்.

வாங்கி வந்தபின் நடக்கும் ஒரு தவறு இருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டினாலும் விண்டோஸ் பல சமயம் 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று உள்ளே போய் நாமே மாற்றவேண்டும். மாதக்கணக்கில் தெரியாமலே 60-இல் விளையாடுபவர்கள் உண்டு.

5. "1 எம்எஸ்" என்ற எண்

எம்எஸ் என்றால் மில்லிநொடி. பெட்டியில் இருப்பதிலேயே குறைவாக நம்பவேண்டிய எண் இதுதான். ஒரு பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரம் அது என்று நினைக்கிறோம். அந்த அளவுக்குப் பெயர் ஜிடிஜி. எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு அளப்பது என்பது கம்பெனியின் விருப்பம். எது வேகமோ அதை அச்சடிப்பார்கள்.

அந்த வேகத்தை எட்ட ஓவர்டிரைவ் என்ற அமைப்பை உச்சத்தில் வைத்து அளந்திருப்பார்கள். வீட்டில் அப்படி வைத்தால் நகரும் பொருளுக்குப் பின்னால் வெளுத்த நிழல் ஒன்று ஓடும். நடுத்தர அமைப்பே பெரும்பாலும் சரி. இன்னொரு வகை எம்பிஆர்டி. அதில் 1 எம்எஸ் என்பது பின்விளக்கை அணைத்து அணைத்து ஏற்றிக் கிடைப்பது. திரை மங்கும், சிலருக்குத் தலைவலியும் வரும். இரண்டு மானிட்டரில் ஒன்றில் "1 எம்எஸ் ஜிடிஜி", மற்றதில் "1 எம்எஸ் எம்பிஆர்டி" என்று இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடியவையே அல்ல.

6. பேனல் (படத்தைக் காட்டும் தகடு) வகை

ஐபிஎஸ்: எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமாக ஆயிரத்துக்கு ஒன்று. விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக் காட்சியைப் பார்த்தால் கறுப்பு சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். பகல் வேலை, இரவு விளையாட்டு இரண்டுக்கும் ஒன்றுதான் என்றால் முதல் தேர்வு இதுவே.

விஏ: வித்தியாசம் மூவாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். கறுப்பு நல்ல கறுப்பு. இரவில் படம் பார்ப்பவருக்குப் பிடிக்கும். ஆனால் இருண்ட நிறங்கள் மாறும்போது பல மாடல்கள் தாமதிக்கும், ஓடும் உருவத்துக்குப் பின்னால் மை இழுத்தாற்போல் ஒரு கறை வரும்.

டிஎன்: வேகமானது, ஆனால் கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே நிறம் திரிந்துவிடும். இதன் காலம் பெரும்பாலும் போய்விட்டது.

ஓலெட்: ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும். அதனால் கறுப்பு என்றால் அணைந்த விளக்கு. விளையாட்டுக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் அதன் தடம் நிரந்தரமாகப் பதியும் ஆபத்து உண்டு. காலை பத்து முதல் மாலை ஆறுவரை ஒரே விண்ணப்பப் பக்கம் திறந்திருக்கும் இ-சேவை மையத்துக்கும், ஒரே கணக்குத் திரை ஓடும் கடைக்கும் இது ஆகாது.

வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரித்துக் காட்டுவதாகச் சொல்லும் எச்டிஆர் என்ற முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. நடுத்தர விலையில் "டிஸ்பிளே எச்டிஆர் 400" என்று போட்டிருப்பார்கள். அந்தத் தகுதிக்கு, திரையின் ஒரு பகுதியை மட்டும் இருட்டாக்கும் வசதி கட்டாயமில்லை. அது இல்லாமல் எச்டிஆர் என்பது வெளிச்சத்தைக் கூட்டிய சாதாரணப் படம்தான். அதற்காகக் கூடுதல் பணம் தரவேண்டாம்.

கல்யாண ஆல்பம், ஃபிளெக்ஸ் டிசைன் செய்பவர்கள் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வரம்பு 99 சதவீதம் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவும். அதற்கு மேல் நிறம் காட்டும் திரையில் எஸ்ஆர்ஜிபி-க்கென்று தனி அமைப்பு இல்லாவிட்டால், முகூர்த்தப் புடவையின் சிவப்பு திரையில் ஒன்று, அச்சில் ஒன்று என்று ஆகி, கடைசியில் வாடிக்கையாளரிடம் பதில் சொல்லவேண்டிவரும்.

7. கேபிளும் போர்ட்டும்

மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் வாய்க்கால் தாங்குகிற அளவுதான் கடைமடைக்கு வந்து சேரும். கார்டு மேட்டூர் என்றால் மானிட்டர் கடைமடை. நடுவில் உள்ள கேபிளும் இரண்டு முனைப் போர்ட்டும் வாய்க்கால்.

(அ) எச்டிஎம்ஐ 1.4: 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான். பழைய லேப்டாப்களில் இதுவே இருக்கும். அதில் 4கே மானிட்டரை மாட்டினால் மவுஸ் அம்பே தத்தித் தத்திப் போகும்.

(ஆ) எச்டிஎம்ஐ 2.0: 4கே-யில் 60, 1440-இல் 144.

(இ) எச்டிஎம்ஐ 2.1: எச்டிஎம்ஐ-யில் 4கே 120-க்கு இதுதான் வழி. ஆனால் முழு வேகம் இல்லாத போர்ட்டுக்கும் 2.1 என்று பெயர் வைக்க விதி இடம் தருகிறது. எனவே பதிப்பு எண்ணைக் கேட்காமல், "இந்தப் போர்ட்டில் இந்தத் தெளிவில் எத்தனை ஹெர்ட்ஸ்?" என்று கேட்கவேண்டும். மானிட்டரின் விவரப் பட்டியலில் போர்ட்டு வாரியாகப் போட்டிருப்பார்கள்.

(ஈ) டிஸ்பிளே போர்ட் 1.4: கார்டு உள்ள கம்ப்யூட்டருக்கு இதையே மாட்டவும். 1440-இல் 180 ஹெர்ட்ஸ் என்றால் சிரமமில்லாமல் போகும்.

(உ) யுஎஸ்பி டைப்-சி: படமும் லேப்டாப் சார்ஜும் ஒரே கேபிளில். லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டு எல்லாம் படத்தை அனுப்பாது. சில சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும். மானிட்டருக்குக் காசு கொடுக்கும் முன் லேப்டாப்பின் விவரத்தைப் பார்ப்பது நல்லது.

8. மின்சாரம்: வாட்டைவிட வோல்டேஜ்

24 இன்ச் எல்இடி மானிட்டர் 20 முதல் 25 வாட், 27 இன்ச் விளையாட்டு மானிட்டர் 30 முதல் 50 வாட் எடுக்கும். கரண்ட் பில்லில் அது பெரிய விஷயமில்லை. யூபிஎஸ்-இல் அது ஒரு விஷயம். 600 விஏ யூபிஎஸ் என்று வாங்குவதில் பலவற்றின் உண்மைத் திறன் 360 வாட். விளையாடும்போது கார்டும் பிராசசரும் சேர்ந்தே 350 வாட்டைத் தொட்டுவிட்டால், மானிட்டரையும் அதில் செருகியதும் கரண்ட் போன கணமே எல்லாம் அணையும். யூபிஎஸ் இருந்தும் சேமிக்க நேரம் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதில் "யூபிஎஸ் மோடு" என்ற சுவிட்சு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளவும். மாறும் நேரம் குறையும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது.

பம்ப்செட் எல்லாம் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது கிராமத்துக்குப் புதிதல்ல. மானிட்டரின் மின்பகுதி பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. லோ வோல்டேஜ் அதை ஒன்றும் செய்யாது. கெடுப்பது, போன கரண்ட் திரும்பி வரும் கணத்தில் எகிறும் வோல்டேஜும் ஐப்பசி மழை இடியும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, வாடகை ஜெனரேட்டரில் ஊர் ஓடியது. சின்ன ஜெனரேட்டரில் வோல்டேஜ் நிலையாக இராது. அந்த மாதிரி நாளில் மானிட்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவைப்பதே மலிவான பாதுகாப்பு.

மின்பகுதி மானிட்டருக்குள்ளேயே இருப்பது ஒரு வகை. லேப்டாப் சார்ஜர்போல் வெளியே அடாப்டராக இருப்பது இன்னொரு வகை. பார்க்க முதலாவது சுத்தம். ஆனால் வோல்டேஜில் அடி வாங்கினால் இரண்டாவதில் அடாப்டரை மட்டும் மாற்றிவிடலாம். சர்வீஸ் சென்டருக்குத் திருச்சி வரை போய்வரவேண்டிய ஊரில் இருப்பவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. இரண்டில் எதுவானாலும் மூன்று முள் பிளக்கை, எர்த் இருக்கும் பாயிண்டில் செருகவும். ஸ்டாண்டைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் கோளாறு பெரும்பாலும் பாயிண்டில்தான்.

மானிட்டரின் பின்புறம் பிஐஎஸ் முத்திரையும் "ஆர்" என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கவேண்டும். பெயர் தெரியாத மலிவு பிராண்டில் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

9. அப்படியானால் எதை வாங்குவது?

கார்டு இல்லாத லேப்டாப், பெரும்பாலும் படிப்பும் அலுவலக வேலையும், எப்போதாவது லேசான விளையாட்டு: 24 இன்ச், முழு எச்டி, ஐபிஎஸ், 100 ஹெர்ட்ஸ். உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரி போதும்.

நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டு, பகலில் எட்டு மணி நேர வேலை, இரவில் நிஜமான விளையாட்டு: 27 இன்ச், 1440, ஐபிஎஸ், 144 முதல் 180 ஹெர்ட்ஸ். வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே திரை என்றால் பெரும்பாலானோருக்குச் சமரசம் குறைவான இடம் இதுதான். எழுத்துக்கு 17 வரிசை கிடைக்கிறது, கார்டுக்கும் தாங்குகிறது.

போட்டியாகச் சுடும் விளையாட்டு மட்டுமே என்றால் 24 இன்ச் முழு எச்டியில் 180-க்கு மேல் போகலாம். டிடிபி, எழுத்து வேலை, மொழிபெயர்ப்பு என்று எழுத்திலேயே பிழைப்பவருக்கு 27 இன்ச் 4கே, 60 ஹெர்ட்ஸே போதும். 34 இன்ச் அகலத் திரைக்கு வரி இறங்கியது உண்மைதான். ஆனால் 3440 × 1440 என்றால் 49.5 லட்சம் பிக்சல். கார்டு அதற்கு ஈடுகொடுக்குமா, மேசை நாலடி அகலமா என்று பார்த்துவிட்டுப் போகவும்.

10. வீட்டுக்கு வந்த முதல் வாரம்

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளவும். முதல் நாளே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை ஓட்டிச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பார்க்கவும். ஒன்றிரண்டு பிக்சல் செத்திருந்தால் வாரன்டியில் மாற்றித் தரமாட்டோம் என்று பல கம்பெனிகள் விதி வைத்திருக்கின்றன. கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம்தான் அப்போது கைகொடுக்கும், அது சில நாள்களில் முடிந்துவிடும்.

துடைக்க மென்மையான மைக்ரோஃபைபர் துணியும் லேசான தண்ணீர் ஈரமும் போதும். கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் திரையில் அடித்தால் மேல்பூச்சு போகும், சொட்டு கீழ்விளிம்பில் இறங்கி உள்ளே போகும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று உள்ள வீடுகளில் பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டுவைக்கலாம்.

கடைசியாக, வயல் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு. நெல் பயிர் நிற்கும் மாதங்களில் அந்தி சாய்ந்ததும் பச்சைத் தத்துப்பூச்சிகள் விளக்கை மொய்க்கும். இருட்டறையில் எரியும் மானிட்டரும் அவற்றுக்கு ஒரு விளக்குதான். அவற்றோடு வரும் இன்னும் பொடிப் பூச்சிகளும் எறும்பும் சட்டத்தின் இடுக்கு வழியே திரைக்கும் பின்விளக்குக்கும் நடுவே நுழைந்துவிடுவது உண்டு. பார்க்கச் செத்த பிக்சல்போல் இருக்கும், ஆனால் நகரும். அப்போது விரலால் அழுத்தக்கூடாது. நசுங்கினால் அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும், எடுக்க மானிட்டரைப் பிரிக்கவேண்டும். மானிட்டரை அணைத்துவிட்டு, பக்கத்தில் வேறொரு விளக்கைப் போட்டு வைத்தால் பெரும்பாலும் வந்த வழியே வெளியே போய்விடும்.